பேராசிரியர் பதவிக்கு ஒரு கிருத்திகை விரதம்

டாக்டர் நாகேந்திரன் பசியைப் பற்றி ஆராயத் தொடங்கிய பிறகுதான் இடுப்பு பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டி வந்தது. பசி குறித்த கருத்தரங்குகளில் சாப்பாடு நன்றாக இருக்கும். ஊட்டச்சத்துக் குறைபாடு என்றால் இரண்டு இனிப்பு உண்டு. பஞ்சம் என்ற தலைப்பில் ஒருமுறை நடந்த மாநாட்டில் மூன்று நாள் கடல் உணவு போட்டார்கள்.

அவர் மருந்து எழுதித் தரும் டாக்டர் அல்லர், பொருளாதாரத்தில் டாக்டர். இதைச் சொந்த ஊரான பள்ளிப்பட்டில் அவரால் கடைசிவரை விளக்க முடியவில்லை. ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள் வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டுவார்கள்.

"நான் அந்த டாக்டர் இல்ல மாமா."

"பின்ன எந்த டாக்டரு?"

"ஜனங்க என்ன சாப்பிடறாங்க, அதனால உடம்பு எப்படி ஆவுது, கவர்மெண்டு அதுக்கு என்ன செய்யணும், அதையெல்லாம் ஆராய்ச்சி பண்றவன்."

"சாப்பாட்டு டாக்டரு. அப்டி சொல்லு. சரி, இந்த முட்டிக்கு இன்னா சாப்பிட்லாம்?"

அவர் வேலை பார்த்தது சென்னையில், உணவுக் கொள்கை – பொதுச் சுகாதார உயராய்வு நிறுவனத்தில். பெரிய கண்ணாடிக் கட்டடம். பசித்தவர் எவரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே வர அடையாள அட்டை வேண்டும். அங்கே நாகேந்திரன் இணைப் பேராசிரியராகச் சேர்ந்து, இணையாகவே முடி நரைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பேராசிரியர் ஆகித் தனியறையும் சுழல் நாற்காலியும் பெற்றுவிட்டார்கள். இவருடைய நாற்காலி சுழலாது. எதையும் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்துதான் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் திருத்தணி வட்டாரத்தில் ஓர் ஆய்வுக்கு நிறுவனம் ஏற்பாடு செய்தது. முறை எளிமையானது. வீடு வீடாகப் போய், 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்க வேண்டும். உலகம் முழுவதும் இப்படித்தான் கேட்கிறார்கள். எந்த நாளில் கேட்பது என்பதை நிறுவனத்தின் கணக்குப் பிரிவு முடிவு செய்தது. குறிப்பிட்ட தேதிக்குள் பணம் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வந்த ஒரு நாளைப் பிடித்தார்கள். அது ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில் பாதி வீடுகள் காவடி வீடுகள். அடுப்பு மூட்டமாட்டார்கள். மீதிப் பேர் பாலும் பழமுமாகப் பொழுதைத் தள்ளுவார்கள். சென்னையிலிருந்து வந்த கணக்கெடுப்புப் பெண்கள் மறுநாள் காலை கையில் டேப்லெட்டுடன் தெருவில் இறங்கினார்கள். அவர்களில் புவனா என்ற பெண் முதல் வீட்டில் கேட்டாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க ஆயா?"

"நேத்து கிருத்திகைம்மா. ஒண்ணும் சாப்புடல."

"ஒண்ணுமேவா?"

"சாயங்காலமா ஒரு வாய் பாலு குட்ச்சேன்."

"ஏன் சாப்பிடல? காசு இல்லாமலா, உடம்பு சரியில்லாமலா, வேற காரணமா?"

"காசுக்கு இன்னா? அரிசி மூட்டை அதோ கீது. முருகனுக்கு வேண்டிகினு இருந்தேன்."

புவனா 'வேறு' என்பதை அழுத்தினாள். அடுத்த வீட்டிலும் 'வேறு'. தெரு முழுக்க 'வேறு'. அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்த நாகேந்திரனுக்குப் போன் செய்தாள்.

"சார், எல்லாரும் விரதம்னு சொல்றாங்க சார். இன்னொரு நாள் வந்து கேக்கலாமா?"

நாகேந்திரன் அப்போது பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிப்பட்டில் பிறந்தவருக்குக் கிருத்திகை தெரியாமல் இல்லை. ஆனால் இன்னொரு நாள் என்றால் கணக்குப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்தப் பிரிவுக்கு எழுதிப் பதில் வாங்கியவர் யாரும் நிறுவனத்தில் இல்லை.

"கேள்வியில இல்லாததையெல்லாம் யோசிக்காதம்மா. சாப்பிட்டாங்களா, இல்லையா? அதை மட்டும் எழுது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வடை கொண்டுவரச் சொன்னார்.

சென்னையில் கணினி கூட்டிக் கழித்துப் பார்த்தது. திருத்தணி வட்டாரம் பட்டினியின் விளிம்பைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்றது. வரைபடத்தில் அந்த இடம் கருஞ்சிவப்பாக இருந்தது. இயக்குநர் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நாகேந்திரன், இத்தனை வருஷமா இந்தப் பசியை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று நெகிழ்ந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாகேந்திரனின் கட்டுரை வெளிநாட்டில் அச்சானது. இரண்டு நாடுகளுக்குப் போய்த் திருத்தணியின் பட்டினியைத் திரையில் காட்டிவிட்டு வந்தார். இரண்டு இடங்களிலும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வீட்டில் மட்டும் அவர் மனைவி அனுசுயா கட்டுரையின் படங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, ஆடிக் கிருத்திகைக்கு நானுந்தான் சாப்பிடல. நானும் பட்டினியா?"

"நீ எங்க ஆய்வுல வரல."

"வந்திருந்தா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அன்று நெடுநேரம் குளித்தார்.

பட்டினி கிடைத்துவிட்டால் அதற்கு வைத்தியமும் வேண்டும். நிறுவனம் நாலு மாதம் கூடிப் பேசி ஒரு துண்டறிக்கை அச்சிட்டது. வழவழப்பான தாள், வண்ணப் படம். 'பசிக்கும்போது உண்ணுங்கள்' என்பது அதன் முதல் அறிவுரை. தினமும் ஒரு கைப்பிடி பாதாம், வாரம் இருமுறை கடல் மீன், முடிந்தால் ஆலிவ் எண்ணெய் என்று அது மேலே போயிற்று. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகக் கொடுத்தார்கள். தாள் கெட்டியாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டு சுண்டல்காரருக்குப் பொட்டலம் மடிக்க மிகவும் பிடித்துவிட்டது. அந்த வகையில் துண்டறிக்கை மக்கள் கைக்கு உணவோடுதான் போய்ச் சேர்ந்தது.

துண்டறிக்கை வேலை செய்ததா என்று பார்க்க மறுபடியும் கேட்க வேண்டும். இந்த முறையும் தேதியைக் கணக்குப் பிரிவுதான் கொடுத்தது. அது காணும் பொங்கலுக்கு மறுநாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று புவனா கேட்டாள்.

"இன்னா சாப்புடலன்னு கேளு" என்றார் கனகம்மாசத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர், வாசல் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி. "காலைல இட்லி, கறிக்கொழம்பு. மத்தியானம் மச்சான் வூட்ல பிரியாணி. அது செரிக்கறதுக்குள்ள அடை. பொங்கல் மீந்துதுன்னு அதுவும். ராத்திரிக்கு ஒண்ணும் வாணாம்னு சொன்னேன். அப்பவும் ரெண்டு தோசை வெச்சுட்டா."

கணினி மறுபடியும் கூட்டிக் கழித்தது. ஆறே மாதத்தில் கருஞ்சிவப்பு போய்ப் பச்சை வந்துவிட்டது. அங்கங்கே பச்சையும் தாண்டி, அபாயகரமான மிகையுணவைக் குறிக்கும் ஊதா நிறம் வேறு தெரிந்தது. ஒரு துண்டறிக்கை இத்தனை பிரியாணி போடும் என்று நிறுவனமே எதிர்பார்க்கவில்லை. இயக்குநர் நாகேந்திரனைக் கூப்பிட்டு, பேராசிரியர் தேர்வுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது, சுழல் நாற்காலிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று விசாரித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் திருத்தணியில் ஒரு கஞ்சிக் கொட்டகை இருந்தது.

புறவழிச் சாலையோரம், கூலி வேலைக்குப் போகிற பெண்கள் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும் இடத்தில் அது இருந்தது. அரிசி ஆலைக்காரர் பச்சையப்பன் தன் செலவில் நடத்திவந்தார். கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்குக் காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த கடலை, ஒரு முட்டை. கன்னியம்மாள் என்ற சமையல்காரம்மா காய்ச்சி ஊற்றுவாள். கேள்வி எதுவும் கேட்க மாட்டாள்.

நிறுவனத்தின் துண்டறிக்கைச் செலவிலும் ஒரு பங்கு பச்சையப்பனுடையதுதான். இயக்குநர் அவருடைய ஆலைக்கே வந்து வண்ணப் படங்களைக் காட்டினார்.

"பாருங்கள். இது கஞ்சி. இது துண்டறிக்கை. கஞ்சி ஒருவருக்கு ஒருவேளை. துண்டறிக்கை ஊருக்கே விருந்து. அறிவியல்படி கொட்டகையை மூடிவிட்டு அந்தப் பணத்தையும் துண்டறிக்கையில் போடுவதுதான் தர்மம்."

பச்சையப்பன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். படித்தவர்களிடம் அவருக்குப் பயம் கலந்த பக்தி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பச்சை நிறத்தைப் பார்த்தார், கழற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"எனக்கு இன்னாங்க தெரியும். படிச்சவங்க சொல்றீங்கோ" என்றார்.

திருத்தணிக் கல்யாண மண்டபம் ஒன்றில் வெற்றி விழா வைத்து, கொட்டகை மூடுவதை மேடையிலேயே அறிவிப்பது என்று முடிவாயிற்று. விழா நாளையும் கணக்குப் பிரிவே குறித்துக் கொடுத்தது. அது தைக் கிருத்திகை.

இந்த நேரத்தில் நாகேந்திரன் ஒரு காரியம் செய்திருந்தார். தேர்வுக்குழு கூடப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, 'முருகா, பேராசிரியர் பதவியை மட்டும் கொடுத்துவிடு. தைக் கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதமிருந்து உன் படியேறி வருகிறேன்' என்று வேண்டிக்கொண்டார். திருத்தணியின் விரதத்தைப் பட்டினி என்று எழுதிச் சம்பாதிக்கப்போகும் பதவிக்காகத் திருத்தணியிலேயே விரதம் இருப்பதில் எதுவும் இடிப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மெத்தப் படித்தவர்.

விழா அன்று காலை, கொட்டகைக்காரர்களிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடும்படி இயக்குநர் அவரை அனுப்பினார். பனி இன்னும் முழுக்க விலகவில்லை. ஏழெட்டுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாள் இவரைப் பார்த்ததும் ஒரு சொம்பை நீட்டினாள்.

"வாங்க சார். மூஞ்செல்லாம் வாடிக் கீது. புள்ளைத்தாச்சிங்களுக்குத்தான் இது. பரவால்ல, ஒரு வாய் குடிங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"வேணாம்மா. இன்னிக்கு விரதம்."

"ஆங், கிருத்திகை. தண்ணியாவது?"

"தண்ணியும் இல்ல."

"அம்மாடி. அப்டியாப்பட்ட வேண்டுதலா?"

நாகேந்திரன் வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார். ஆய்வு, முடிவு, மறுஒதுக்கீடு என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டு மூடினார். கன்னியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைலேர்ந்து கஞ்சி இல்ல. அதானே?"

"ஆமாம்மா. மக்கள் இப்ப நல்லா சாப்பிடறாங்கன்னு ஆய்வுல வந்திருக்கு."

"யாரு சொன்னா?"

"மக்கள்தான் சொன்னாங்க."

"நல்லா சாப்டறவங்கோ இந்தப் பனியில ஏன் சார் இங்க வந்து குந்திகினு கீறாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த சொம்பை நிரப்பினாள்.

பெஞ்சு ஓரத்தில் கவிதா என்ற பெண் இருந்தாள். நாற்று நடவுக்குப் போகிறவள். வயிறு நன்றாக மேலிட்டிருந்தது. அவளுடைய முதல் குழந்தை எடை போதாமல் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வராமலேயே போய்விட்டது. இந்த முறை மாதா மாதம் எடை ஏறுகிறது என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். வீட்டில் காலையில் அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டுக் கிளம்புவது என்றால் நேரமாகி வேலை கிடைக்காது. இந்தக் கஞ்சியை நம்பித்தான் அவள் நடந்து வருகிறாள். இவ்வளவையும் கன்னியம்மாள்தான் சொன்னாள். கவிதா தலையைக் குனிந்து கடலையைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி விடுக்கா. சார் இன்னா பண்ணுவாரு, மேல சொல்லி அனுப்பிச்சா?" என்றாள் கவிதா. பிறகு நாகேந்திரனைப் பார்த்தாள். "இன்னா வேண்டுதல் சார்? வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?"

"இல்ல... ஒரு காரியம். வேலை விஷயமா."

"தண்ணிகூட குடிக்காம இருக்கிறீங்கோ. கண்டிப்பா நடக்கும் சார். நானும் உங்களுக்கு சேத்து வேண்டிக்கிறேன்" என்று சொல்லி, மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். வெறுமனே கூப்பவில்லை, கண்ணை மூடி, உதடு அசைய, நின்று நிதானமாக வேண்டினாள்.

அவர் வேண்டுதல் நடந்தால் அவளுக்குக் கஞ்சி நின்றுபோகும். அது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். நாகேந்திரன் தம் வாழ்நாளில் எத்தனையோ அரங்குகளில் எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறார். தமக்காக ஒருவர் இப்படிக் கைகூப்பி அவர் பார்த்ததில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

மண்டபத்தில் தோரணம், பூச்செண்டு, சந்தனம் எல்லாம் இருந்தன. இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, பசி ஒரு பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு வாய்ப்பு. பசி இல்லையென்றால் இன்று நாம் எல்லாரும் இங்கே எதற்காகக் கூடியிருக்கப்போகிறோம்? இந்த மக்களை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் என்னால் நடுநிலையோடு பேச முடிகிறது. மக்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் கிருத்திகை, திருவிழா என்று எதையாவது சொல்லிக் குழப்புவார்கள். தரவு குழப்பாது. ஒரு தாளைக் கொடுத்தோம், பட்டினி ஓடிவிட்டது. இன்னொரு தாளைக் கொடுத்தால் என்ன ஓடும் என்று நினைத்தாலே எனக்கு உடல் சிலிர்க்கிறது."

கை தட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பச்சையப்பன் பேசுவார் என்று அறிவித்தார்கள்.

சிறுதானியப் பிரியாணி, தேன் ஊற்றிய தினைப் பாயசம், பழக்கலவை என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஒருவரும் தட்டை எடுக்கவில்லை. உள்ளூர் ஆட்கள் எல்லாரும் சுவரோரமாக நின்று மோர் மட்டும் கேட்டார்கள். பரிமாற வந்தவர்கள் கரண்டியோடு நின்றார்கள். அவர்களே சாப்பிடவில்லை. இயக்குநர் மட்டும் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி சுற்றும் பார்த்தார். அவர் கண்கள் மெல்ல விரிந்தன.

"நாகேந்திரன், கவனித்தீர்களா? மிகையுணவுக்கு எதிரான துண்டறிக்கையை நாம் இன்னும் அச்சுக்கே கொடுக்கவில்லை. அதற்குள் மக்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த கட்டுரையை இன்றைக்கே தொடங்குங்கள்."

அப்போது பச்சையப்பன் வந்தார். நெற்றி நிறைய விபூதி. விருந்தினரைக் கவனிக்கும் பழக்கத்தில் நாகேந்திரனின் வெறும் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், நீங்க சாப்புடலியா?"

மிகச் சாதாரணக் கேள்வி. திருத்தணி வட்டாரம் முழுக்க இதைக் கேட்க ஆளனுப்பியவர் நாகேந்திரன். அவரிடம் திரும்பி யாரும் கேட்டதில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். பிறகு சாப்பிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். காலையில் மலையைப் பார்த்துக் கூப்பிய இரண்டு கைகள் குறுக்கே வந்தன.

"இல்லீங்க. கிருத்திகை. விரதம்" என்றார்.

"அட, நம்ம ஆளு" என்று பச்சையப்பன் மகிழ்ந்தார். "எனக்கும் விரதந்தான். ஊரே விரதம். பாவம், இவங்களுக்குத் தெரியல, இன்னிக்குப் போய் பிரியாணி போட்டுகினு..." சட்டென்று நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "சார், போன ஆடியில வந்து கேட்டீங்களே. அது எப்போ?"

"கிருத்திகைக்கு மறுநாளுங்க."

"அன்னிக்கு யாரும் சாப்புடலன்னு சொன்னது?"

"எல்லாரும் விரதங்க. கணக்கு எடுத்த பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு. நான்தான் எழுத வேணாம்னுட்டேன்."

"அப்போ நல்லா சாப்ட்டாங்கன்னு வந்தது?"

"அது பொங்கலுங்க."

பச்சையப்பன் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோபப்படுவார் என்று நாகேந்திரன் எதிர்பார்த்தார், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

"அன்னிக்கு என் வூட்டுக்கும் அந்தப் பொண்ணு வந்துச்சு சார். நானும் ஒண்ணும் சாப்புடலன்னு சொன்னேன்" என்றார் அவர் மெதுவாக. "வேண்டிகினு இருக்கிறவன் பட்டினியா சார்? பட்டினி கிடக்கிறவன் வேறயாச்சே. அவனுக்குத்தானே கஞ்சி."

இயக்குநர் பிரியாணியை விட்டு எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறவில்லை. பல குழுக்களில் பழகிய முகம்.

"இதில் ஆய்வின் பிழை எதுவும் இல்லை. கேள்விக்குப் பொருந்தாத நாளில் மக்கள் விரதம் இருந்திருக்கிறார்கள். வருங்காலத்தில் அவர்கள் நம் அட்டவணையை அனுசரித்து விரதம் இருக்க ஒரு விழிப்புணர்வுத் துண்டறிக்கை..."

"அது உங்க செலவுல போடுங்க" என்றார் பச்சையப்பன் மரியாதையாக. பின்னால் நின்ற ஆளைக் கூப்பிட்டார். "கன்னியம்மாகிட்ட சொல்லு. கொட்டாயை மூட வாணாம். நாளைக்கும் அடுப்பு எரியணும். முட்டை ரெண்டு வெக்கச் சொல்லு."

அதன் பிறகு அவர் மேடையில் பேச ஏறவில்லை. சாப்பாட்டை ஆஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இயக்குநர் காரில் ஏறும்போது நாகேந்திரனை ஏறச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கி, தேர்வுக்குழு காலவரையின்றி ஒத்திவைக்கப்படும் என்று மட்டும் சொன்னார். பசிக்கு இத்தனை பாடுபட்ட நிறுவனத்துக்கு இப்படியும் ஒருவர் துரோகம் செய்வாரா என்கிற வருத்தம் அவர் குரலில் உண்மையாகவே இருந்தது.

நாகேந்திரன் பொழுது சாயும் நேரத்தில் படியேறினார். தமிழும் தெலுங்குமாகக் கூட்டம் 'அரோகரா' போட்டுக்கொண்டு ஏறியது. பெல்ட்டு அவரை வாட்டியது. பாதியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து ஏறினார். நேர்ந்துகொண்டபடி விரதம் முடித்தாயிற்று; கேட்கத்தான் எதுவும் இல்லை. பதவி போய்விட்டது என்று முருகனிடம் புகார் சொல்லலாமா என்று யோசித்தார். அது நியாயமாகப் படவில்லை.

அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். ஒரே ஒரு ஆளை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது, ஆயிரம் பேராவது வேண்டும் என்று இத்தனை காலமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"யார் பேருக்கு?"

"கவிதா."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"கோத்திரம், குலம்?"

"அதுவும் தெரியாது."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. "என்னதான் தெரியும் உமக்கு?"

"மாசமா இருக்காங்க" என்றார் நாகேந்திரன்.

"அது போதுமே" என்று சொல்லி, குருக்கள் தட்டோடு உள்ளே திரும்பினார்.